குளக்கரையில் நிற்க ஓர் இடம் கொடுங்கள்

குமரி மாவட்டத்தின் குளங்களுக்கும் அவற்றை ஒட்டிய சாலைகளுக்கும் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகள் அனைவருக்கும்,

வணக்கம்.

சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏறியதையும், அதே ஆண்டு வேம்பனூரும் சேர்ந்ததையும் உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கோப்புகள் உங்கள் மேசையில்தான் இருக்கின்றன. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் குளங்களில் பறவை பார்க்க வருகிறவர்களுக்குச் சாலையை விட்டு விலகி நிற்க ஓர் இடம் வேண்டும்.

ஆயுத பூஜை விடுமுறைக்கு மதுரையிலிருந்து குடும்பத்தோடு கன்னியாகுமரி வந்திருந்தோம். மாமியாருக்குச் சூரிய உதயமும் தாணுமாலயன் கோயிலும். ஏழாம் வகுப்பு படிக்கும் மகளுக்குப் பறவைகள். சூரியன் மேகத்துக்குள்ளேயே உதித்து முடித்துவிட்டது. மகளுக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. சுசீந்திரம் குளத்தருகே இறங்கியதுமே மின்கம்பியில் தகைவிலான்கள் வரிசை பிடித்து உட்கார்ந்திருந்தன. தண்ணீருக்கு மேலே மீசை ஆலாக்கள், ஓரச் சேற்றில் உள்ளான்கள். வலசை இப்போதுதான் தொடங்கியிருக்கிறது, ஊசிவால் வாத்து வர இன்னும் நாளாகும் என்று பாட்டிக்குப் பாடம் வேறு நடத்தினாள்.

நாங்கள் நின்ற இடத்தில் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் சாலையின் வெள்ளைக் கோடு. நடுவில் ஓர் ஆள் நிற்கும் அகலம்தான் இருந்தது. பைனாகுலரைக் கண்ணில் வைத்தவருக்குக் காலடி தெரியாது, பக்கத்தில் என்ன வருகிறது என்பதும் தெரியாது. அதனால் மகள் குளத்தைப் பார்த்தாள், நான் சாலையைப் பார்த்தேன். அவள் சுடிதாரைப் பின்னாலிருந்து இறுகப் பிடித்துக்கொண்டு, லாரி வந்தால் "உள்ளே வா", போனால் "சரி, பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்ததுதான் என்னுடைய பறவை நோக்கல். ஒருமுறை அவள், "அம்மா, இலைக்கோழிம்மா, இலை மேலேயே நடக்குது, நீயும் பாரு" என்று பைனாகுலரை நீட்டினாள். அதை வாங்க வேண்டுமானால் அவளை விட வேண்டும். வாங்கவில்லை.

அப்போதுதான் ஒரு பேருந்து ஏர் ஹாரன் அடித்தபடி வந்தது. உள்ளான்கள் மொத்தமாக எழும்பின. அவற்றைக் கண்ணால் துரத்திக்கொண்டே அவள் ஓரடி பின்னால் வைத்தாள், சாலைக்குள். என் பிடியில் அந்தச் சுடிதார் இருந்ததால்தான் இந்த மடலை இவ்வளவு மரியாதையாக எழுத முடிகிறது.

ஊர் திரும்பியதும் சில அலுவலகங்களுக்குப் போன் செய்தேன். யாரும் கடிந்து பேசவில்லை, அதற்கு நன்றி. ஆனால் சாலை ஒருவருடையதாம், கரை இன்னொருவருடையதாம், தண்ணீர் வேறொருவருடையது, பறவைகள் நாலாவது ஆளுடையவை. நடுவில் நின்ற பிள்ளை யாருடைய எல்லையில் வருகிறாள் என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

பணம் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே, கடலுக்கு மேலே, 77 மீட்டருக்குக் கண்ணாடிப் பாலம் போட்ட மாவட்டம் இது. 37 கோடி ரூபாய் என்று செய்தியில் படித்தேன். நாங்களும் அதில் நடந்தோம், நன்றாகத்தான் இருந்தது. அலைக்கு மேலே கண்ணாடியில் நடக்க வைக்க முடிந்தவர்களுக்குக் குளக்கரை மண்ணில் நிற்க வைக்க முடியாதா?

ஆனால் நீங்கள் உடனே செயலில் இறங்கிவிட்டால் என்ன ஆகுமோ என்ற பயமும் எனக்கு உண்டு. கரையைச் சுற்றிக் கான்கிரீட், ராத்திரி முழுக்க வண்ண விளக்கு, நடுவில் நீரூற்று, வாசலில் 'ஐ லவ்' என்று ஆளுயர எழுத்து, பக்கத்தில் படகு சவாரி. பூங்கா திறந்துவிடும், பறவைகள் வேறு ஊர் பார்த்துப் போய்விடும். கும்பிட்டுக் கேட்கிறேன், அது வேண்டாம். இமயத்துக்கு அப்பாலிருந்து பறந்து வருபவை இங்கே தின்று உடம்பு தேற்றியாக வேண்டும். ஒவ்வொரு முறை பயந்து எழும்பும்போதும் தின்றதில் கொஞ்சம் வீணாகிறது. கேட்பது சிறியதுதான். சாலையிலிருந்து பத்தடி தள்ளி மேடாக்கிய கொஞ்சம் இடம். சாலைப் பக்கம் இரும்புத் தடுப்பு. குளத்தின் பக்கம் முடைந்த தென்னோலைத் தட்டி, அதில் பெரியவர் உயரத்துக்கும் பிள்ளைகள் உயரத்துக்கும் துளைகள். ஆள் உருவம் தெரியாவிட்டால் பறவை அதன் வேலையைப் பார்க்கும். குமரியில் தென்னோலைக்குப் பஞ்சமா? 'இங்கே ஹாரன் அடிக்காதீர்கள்' என்று ஒரு பலகையும் வைத்தால் புண்ணியம். பெண்களுக்கு ஒரு கழிப்பறை என்றும் எழுதத்தான் கை வருகிறது. காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலேயே பறவை பார்க்கிறோம்.

அன்று சாயங்காலம் மணக்குடி பக்கம் உப்பளத்துக்குப் போனோம். வேலை முடித்துக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் மகளைப் பார்த்து, "மக்களே, இந்தப் பக்கம் வழுக்கும், அந்த வரப்புல போய் நில்லு, அங்கேருந்து நல்லாத் தெரியும்" என்று கை காட்டினார். அங்கே நான் முதன்முறையாகப் பைனாகுலரை வாங்கினேன். நெடுங்கால் உள்ளானின் காலை எண்ணிப் பார்க்கும் அளவுக்கு நேரம் கிடைத்தது. அந்தப் பெரியவருக்கு எந்தத் துறையும் கிடையாது.

மதுரைக்காரிக்கு இதில் என்ன என்று நினைக்க வேண்டாம். அந்தச் சாலையோரம் உங்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளும் நிற்பார்கள். நிழற்குடை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பெயர்ப்பலகை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நிற்க ஓர் இடம் வேண்டும்.

மகள் அரையாண்டு விடுமுறைக்கு மறுபடி வரவேண்டும் என்கிறாள், ஊசிவால் வாத்துக்காக. அதற்குள் தடுப்பும் தட்டியும் மட்டுமாவது வைத்துவிட முடியுமா என்று பார்த்துச் சொல்லுங்கள். நாலு அலுவலகத்தில் எது பதில் எழுதினாலும் சரி.

பணிவுடன்,
மதுரையிலிருந்து வந்துபோன ஒரு தாய்