லிங்கனும் ஸ்டீபன்ஸும் எழுதிக்கொண்டவை

அன்புள்ள மணி,

உன் கடிதம் வந்தது. பேத்திக்குக் காது குத்திய சேதி படித்து வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். இங்கே அனைவரும் சுகம். நான் கோர்ட்டுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன், நிறையப் படிக்கிறேன்.

இப்போது கையில் இருப்பவை அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸின் கடிதங்கள். ஜார்ஜியாவைச் சேர்ந்த வக்கீல், பல வருஷம் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர். நூறு பவுண்டு கூடத் தேறாத நோஞ்சான் உடம்பு. சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்தவர். சிற்றன்னைக்குப் பிறந்த தம்பி லிண்டனைத் தானே படிக்கவைத்து வக்கீலாக்கினார். பிரிந்திருந்த காலமெல்லாம் இருவரும் ஓயாமல் கடிதம் எழுதிக்கொண்டார்கள். தனிமை, நோய், மனச்சோர்வு என்று தம்பியிடம் எதையும் அவர் மறைக்கவில்லை.

ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டவை 1860 கடைசியில் அவரும் லிங்கனும் எழுதிக்கொண்ட சில கடிதங்கள்தான். இருவரும் நாடாளுமன்றத்தில் பழகியவர்கள். 1848இல் ஸ்டீபன்ஸ் பேசிய பேச்சைக் கேட்டுக் கண் கலங்கியதாக லிங்கனே நண்பர் ஒருவருக்கு எழுதியிருக்கிறார். லிங்கன் ஜனாதிபதியாகத் தேர்வானதும் அடிமை முறை இருந்த தென் மாநிலங்களில் நாட்டைவிட்டுப் பிரியும் பேச்சு கிளம்பியது. நவம்பர் 14 அன்று ஜார்ஜியாவின் அன்றைய தலைநகரான மில்லட்ஜ்வில்லில் ஸ்டீபன்ஸ் அவசரப்பட்டுப் பிரிய வேண்டாம் என்று வாதாடினார். அந்தப் பேச்சின் பிரதியை லிங்கன் கேட்டு வாங்கினார்.

டிசம்பர் 22 அன்று லிங்கன் எழுதியதைப் படித்துப் பார், மணி. உங்கள் கண்ணுக்கு மட்டும் என்று தலைப்பிலேயே குறிப்பு. உங்கள் அடிமைகள் விஷயத்தில் என் அரசு தலையிடும் என்று பயப்பட வேண்டாம், ஒரு காலத்து நண்பனாகவும், இன்றும் எதிரியல்லாதவனாகவும் இதைச் சொல்கிறேன் என்கிறார். அப்புறம் ஒரே வரியில் விஷயத்துக்கு வந்துவிடுகிறார்: அடிமை முறை சரி, அது பரவ வேண்டும் என்கிறீர்கள் நீங்கள், அது தவறு, கட்டுப்படுத்த வேண்டும் என்கிறோம் நாங்கள், சிக்கல் இதுதான். எவ்வளவு மரியாதை, எவ்வளவு நேர்! நட்புக்காக வழக்கின் மையத்தை மழுப்பவில்லை.

ஸ்டீபன்ஸ் பதிலில் பைபிள் வசனத்தைத் தொட்டு, இப்போது நீங்கள் சொல்லும் ஒரு நல்ல வார்த்தை வெள்ளித் தட்டில் வைத்த பொற்பழம் போல இருக்கும் என்றார். அதே உவமையை எடுத்துக்கொண்டு லிங்கன் ஒரு குறிப்பு எழுதி வைத்தார்: எல்லாருக்கும் சுதந்திரம் என்ற கொள்கைதான் பழம், அரசியல் சட்டமும் ஒன்றியமும் அதைத் தாங்கும் வெள்ளி, பழத்துக்காகத்தான் வெள்ளி. நம் தொழில்காரர்கள் எல்லாரும் மனப்பாடம் செய்ய வேண்டிய குறிப்பு.

ஸ்டீபன்ஸ் என்ன செய்தார்? ஜார்ஜியா பிரிந்ததும் கூடவே போய், தென் மாநிலக் கூட்டமைப்பின் துணை ஜனாதிபதியானார். 1861 மார்ச் 21 அன்று சவானாவில், கறுப்பர் வெள்ளையருக்குச் சமமல்லர் என்பதே எங்கள் அரசின் மூலைக்கல் என்று முழங்கினார். தம்பிக்காக அப்படி உருகியவர், தன் வீட்டில் அடிமைகளை வைத்திருந்தவர். அந்த உருக்கத்தைக் காட்டி இந்தப் பேச்சை மன்னிக்க என்னால் ஆகாது.

வடக்கும் தெற்கும் மோதிய உள்நாட்டுப் போரை நிறுத்துவது பற்றிப் பேச, 1865 பிப்ரவரியில் இருவரும் ஹாம்டன் ரோட்ஸில், கப்பலில் சந்தித்தார்கள். சமாதானம் கூடிவரவில்லை. வடக்கே போர்க் கைதியாக இருந்த, தன் சகோதரர் ஒருவரின் மகனைப் பற்றி ஸ்டீபன்ஸ் கேட்டார். லிங்கன் சொன்னபடி அவனை விடுவித்து, கையில் ஒரு கடிதமும் கொடுத்தனுப்பினார். பதிலுக்கு, தெற்கின் தலைநகரான ரிச்மண்டில் சிறையிருக்கும், அவனுக்குச் சமமான பதவியிலுள்ள வடக்கு அதிகாரிகளில் உடல்நிலை மிக மோசமானவரை அனுப்பும்படி கேட்டிருந்தார்.

போருக்குப் பின் பாஸ்டன் துறைமுகத்துச் சிறையில் ஸ்டீபன்ஸ் எழுதிய நாட்குறிப்பை அடுத்துப் படிக்கப்போகிறேன். பொங்கலுக்கு வரும்போது கடிதத் தொகுப்பைக் கொண்டுவருகிறேன். டிசம்பர் 22 கடிதத்தை முதலில் படி, உன் அபிப்பிராயம் எனக்கு வேண்டும்.

அன்புடன்,
ராமு