2024–25ஆம் ஆண்டறிக்கை: ஜேஹாக் கூட்டமைப்பும் நம் பிள்ளைகளும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பெற்றோர்களுக்கும், விளையாட்டுக் களத்தில் நிற்கும் நம் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

கான்சாஸ் மாநிலத்தின் ஓவர்லேண்ட் பார்க் வட்டாரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் விளையாட்டுப் பெற்றோர் சங்கத்திற்குக் கடந்த பொதுக்குழு இட்ட முதன்மைப் பணி, இரண்டாண்டுக் கல்லூரிகள் தமக்குள் விளையாட்டில் போட்டியிடும் கான்சாஸ் ஜேஹாக் சமுதாயக் கல்லூரிக் கூட்டமைப்பைப் பற்றித் தெளிவான செய்திகளைத் திரட்டிக் குடும்பங்களிடம் சேர்ப்பதாகும். இரண்டாண்டுக் கல்லூரி என்றாலே வேறு இடம் கிடைக்காதவர்கள் போகும் இடம் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருப்பதால்தான் இப்பணி தேவைப்பட்டது. அந்த எண்ணம் தவறானது என்பதே ஓராண்டுப் பணியின் முடிவில் செயற்குழு ஒருமனதாக வந்தடைந்த கருத்து.

இக்கூட்டமைப்பின் கல்லூரிகள் மாநிலம் முழுவதும் பரவியிருக்கின்றன. கிழக்கே நம் ஜான்சன் கவுண்டி கல்லூரி இருக்க, மேற்குக் கோடியில் கொலராடோ எல்லையை ஒட்டிய குட்லேண்டில் வடமேற்குக் கான்சாஸ் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது; அவ்வூர் நேர மண்டலத்தால்கூட நம்மிலிருந்து வேறுபட்டது. கூட்டமைப்புக்குக் கிழக்கு, மேற்கு என இரு பிரிவுகள் ஏன் தேவைப்பட்டன என்பது இந்தத் தொலைவைக் கண்டாலே விளங்கும். 1858இல் நிறுவப்பட்ட ஹைலேண்ட் கல்லூரி, கான்சாஸ் மாநிலத்தின் முதல் கல்லூரி என்ற பெருமைக்குரியது. இளநிலைக் கல்லூரிகள் எனவும் அழைக்கப்படும் இரண்டாண்டுக் கல்லூரிகளின் தேசிய ஆடவர் கூடைப்பந்துப் போட்டி 1949 முதல் ஹட்சின்சன் நகரில் நடந்துவருகிறது. போட்டி வாரத்தில் அந்த ஊரே விருந்தோம்பும் வீடாகிவிடுகிறது. அதே நகரின் கல்லூரி 2024 டிசம்பரில் அமெரிக்கக் கால்பந்தில் தேசியப் பட்டம் வென்றது, நாம் கவனித்துவந்த இப்பருவத்தின் சிறப்பான செய்தி.

கிரேட் பெண்டில் உள்ள பார்ட்டன் கல்லூரியைத் தடகளப் பிள்ளைகள் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். 2004, 2008 ஒலிம்பிக்கில் 200 மீட்டர் தங்கம் வென்ற ஜமைக்காவின் வெரோனிகா கேம்பெல்-பிரவுனும், 2007 உலகப் போட்டியில் 100, 200 மீட்டர் இரண்டிலும் வென்ற டைசன் கேயும் அங்கே பயின்று, பின்னரே ஆர்கன்சாஸ் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார்கள்.

உதவித்தொகை குறித்துப் பெற்றோர்கள் அதிகம் கேட்டதால் சற்று விரிவாகக் கூறுகிறேன். தேசிய இளநிலைக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் வகுத்துள்ள மூன்று பிரிவுகளில் (மேற்சொன்ன கிழக்கு, மேற்குப் பிரிவுகள் வேறு), அதன் விதிப்படி முதல் பிரிவில் போட்டியிடும் கல்லூரி கல்விக் கட்டணம், புத்தகம் ஆகியவற்றோடு தங்குமிடம், உணவு ஆகியவற்றையும் ஏற்கலாம். இரண்டாம் பிரிவில் கட்டணமும் புத்தகமும் மட்டுமே. மூன்றாம் பிரிவில் விளையாட்டு உதவித்தொகையே இல்லை. ஒரே கல்லூரி ஒவ்வொரு விளையாட்டிலும் வெவ்வேறு பிரிவில் இருக்கக்கூடும் என்பதால், கல்லூரியின் பெயரை மட்டும் வைத்து முடிவெடுக்காமல், குறிப்பிட்ட அணி எந்தப் பிரிவில் ஆடுகிறது என்று கேட்டறிவது அவசியம்.

அமெரிக்கக் கால்பந்தில் வெளிமாநில வீரர்களின் எண்ணிக்கைக்கு இருந்த வரம்பை இக்கூட்டமைப்பு 2016இல் நீக்கியது. போட்டியின் தரம் உயர்வதற்கு அது உதவியிருக்கலாம். ஆனால் இக்கல்லூரிகள் கவுண்டி மக்களின் சொத்து வரியாலும் நடப்பவை, வரி செலுத்தும் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் களத்தில் இடம் குறைவது நியாயமாகாது என்பதே இச்செயலரின் கருத்து. செலவின் சுமை எளிதானதும் அன்று: 1970இல் தேசியப் பட்டம் வென்ற ஃபோர்ட் ஸ்காட் கல்லூரி, 2021 பருவத்தோடு அந்த ஆட்டத்தையே கைவிட்டது.

2024 டிசம்பரில், வாண்டர்பில்ட் பல்கலைக்கழக வீரர் டியேகோ பவியா தொடுத்த வழக்கில் டென்னசி கூட்டாட்சி நீதிமன்றம் அவருக்கு இடைக்கால நிவாரணம் வழங்கியது. இளநிலைக் கல்லூரியில் ஆடிய ஆண்டுகளையும், கல்லூரி விளையாட்டில் ஒருவர் ஆட அனுமதிக்கப்படும் தகுதிக் காலத்தில் சேர்த்துக் கணக்கிடலாமா என்பதே வழக்கின் மையம். அதைத் தொடர்ந்து நான்காண்டுக் கல்லூரிகளின் விளையாட்டை நெறிப்படுத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு, அதே நிலையிலுள்ள பிறருக்கும் 2025–26 பருவத்தில் ஆட விலக்கு அளித்தது. இது நிலையான விதி அன்று என்பதால், இதை நம்பி நான்காண்டுத் திட்டம் எதையும் வகுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மனம் கனக்கும் ஒரு செய்தியையும் பதிவு செய்ய வேண்டியுள்ளது. 2018 ஆகஸ்டில் இக்கூட்டமைப்பின் ஒரு கல்லூரியில், வெளிமாநிலத்திலிருந்து வந்திருந்த 19 வயது வீரர் ஒருவர் பருவத்தின் தொடக்கப் பயிற்சிக்குப் பின் வெப்பவாதத்தால் உயிரிழந்தார். உழைப்பினால் வரும் வெப்பவாதத்திற்கு, உடலை உடனே குளிர்நீரில் அமிழ்த்திக் குளிரவைத்து, அதன் பிறகே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதுதான் விளையாட்டு மருத்துவம் வகுத்துள்ள முறை. ஆகவே எந்தக் கல்லூரிக்குச் சென்றாலும், பயிற்சித் திடலில் குளிர்நீர்த் தொட்டி உள்ளதா, தகுதிபெற்ற விளையாட்டு மருத்துவ உதவியாளர் எப்போதும் இருக்கிறாரா என்ற இரு கேள்விகளைப் பயிற்சியாளரிடம் நேரில் கேட்டறிய வேண்டும் எனச் செயற்குழு தீர்மானித்துள்ளது. உதவித்தொகையைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே இவற்றைக் கேளுங்கள்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். வரும் ஆண்டில் கூட்டமைப்பின் மேற்குப் பிரிவுக் கல்லூரிகளுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லவும், மேற்கண்ட இரு கேள்விகளை அச்சிட்டுக் குடும்பங்களுக்கு வழங்கவும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோரி, இவ்வறிக்கையைப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்.

செயலர்