பாக்டீரியாவுக்குள் ஒன்றுமே இல்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் மாணவர் பக்கத்தில் வெளிவந்த கட்டுரை, பாக்டீரியாவை "உள்ளே சொல்லும்படி எதுவும் இல்லாத வெறும் உருண்டை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. அருகிலேயே ஒரு படம். அதன் நடுவே சவ்வு சூழ்ந்த உட்கரு! உள்ளதை இல்லை என்று எழுதி, இல்லாததை வரைந்து காட்டியிருக்கிறீர்கள்.

பாக்டீரியாவுக்கு உட்கரு கிடையாது என்பது தாங்கள் அறியாததல்ல. அதன் டி.என்.ஏ. பெரும்பாலும் ஒரே வளையமாக, சவ்வு எதுவுமின்றி, செல்லை நிரப்பும் கூழான சைட்டோபிளாசத்திலேயே சுருண்டிருக்கும். அதைச் சுற்றிப் புரதம் தயாரிக்கும் ரைபோசோம்கள், வெளியே பிளாஸ்மா சவ்வு, அதற்கும் வெளியே பெப்டிடோகிளைக்கானால் ஆன செல் சுவர். சிலவற்றுக்கு நீந்துவதற்குக் கசையிழைகளும் உண்டு. எல்லாம் உருண்டையும் அல்ல. கோள வடிவம், கோல் வடிவம், சுருள் வடிவம் என்று பல. காலராக் கிருமி கமாவைப் போல வளைந்திருக்கும்.

இது தேர்வுக்கு மட்டுமான செய்தி என்று நினைத்துவிட்டீர்களா? பெனிசிலின் அந்தச் சுவரைக் கட்டவிடாமல் தடுத்துத்தான் கிருமியைக் கொல்கிறது. நம் செல்களுக்குச் சுவர் இல்லாததால் நாம் பிழைக்கிறோம். வைரஸுக்கும் அந்தச் சுவர் இல்லை. அதனால் அந்த மருந்து அதனிடம் பலிப்பதில்லை. 1884இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் கண்டறிந்த சாயமுறையில், தடித்த சுவருள்ளவை ஊதா நிறத்தைப் பிடித்துக்கொள்கின்றன, மெல்லிய சுவருள்ளவை அதை இழந்து பின்னர் சிவப்பை ஏற்கின்றன. இன்றும் ஆய்வகங்கள் இதைக் கொண்டுதான் கிருமியை இனம் பிரிக்கத் தொடங்குகின்றன.

எங்கள் தோட்டத்தில் ஓர் எருமை திடீரென்று விழுந்து இறந்தது. மூக்கில் உறையாத கருஞ்சிவப்பு இரத்தம். தோலை உரித்து விற்கலாம் என்று பக்கத்துத் தோட்டத்தார் கத்தியோடு வந்துவிட்டார்கள். கால்நடை மருத்துவர் ஓடிவந்து தடுத்தார். காதோரம் ஒரு துளி இரத்தம் எடுத்து, சாயமிட்டு, நுண்ணோக்கியில் காட்டினார். முனை வெட்டினாற்போன்ற கோல்கள், சிறு சங்கிலிகளாக. அடைப்பான், அதாவது ஆந்த்ராக்ஸ்! உடலை அறுத்தால் காற்றுப் பட்டு அந்தக் கோல்கள் வித்துகளாக மாறும், அவை பல பத்தாண்டுகள் மண்ணிலேயே உயிரோடு கிடக்கும் என்றார். ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். அன்று அவர் அந்த வடிவத்தை அடையாளம் கண்டதால்தான், உரிக்க வந்தவர்களின் உயிரும் மற்ற மாடுகளும் தப்பின. அந்த அடைப்பான் கிருமியும் ஐயா, தங்கள் கட்டுரைப்படி வெறும் உருண்டைதான்.

மழைக்காலத்தில் கோமாரி பரவியபோது அதை "பாக்டீரியா நோய்" என்று மாவட்டச் செய்தியில் தலைப்பிட்டீர்கள். கோமாரிக்குக் காரணம் வைரஸ். அந்தத் தலைப்பை நம்பி, மாட்டுக்கு ஆன்டிபயாடிக் ஊசி போட்டால் போதும், தடுப்பூசி எதற்கு என்று என்னிடமே கேட்டார்கள். அப்போதும் எழுதினேன். நான் எழுதியதில் வாழ்த்து வரியை மட்டும் அச்சிட்டு, திருத்தத்தை வெட்டிவிட்டீர்கள். அதைப் படித்தவர்கள் நான் தங்களைப் பாராட்டியதாகவே எண்ணினார்கள். தங்கள் நாளிதழை வீட்டில் தலைமுறையாக வாங்குகிறவர்களுக்கு இது தகுமா?

பணியில் இருந்த காலத்தில் தயிரை நீர் விட்டுக் கண்ணாடித் துண்டில் தடவி, காயவைத்து, மெத்திலீன் நீலம் இட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டுவேன். கோல்களையும் கோளச் சங்கிலிகளையும் பார்த்ததும் வகுப்பே எழுந்து நிற்கும். இன்று பல பள்ளிகளில் நுண்ணோக்கி அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. கிராமத்துப் பிள்ளைக்குத் தங்கள் படம்தான் பாக்டீரியா. அந்தப் படத்தைப் பார்த்து விடைத்தாளில் உட்கரு வரைந்தால் மதிப்பெண் போவது அந்தப் பிள்ளைக்கு.

திருத்திய படம் ஒன்றை இத்துடன் வரைந்து இணைத்திருக்கிறேன். அதே மாணவர் பக்கத்தில், அதே அளவில் வெளியிட வேண்டுகிறேன். என் பெயர்கூட வேண்டாம், பாகங்களின் பெயர்களைப் பிழையின்றி அச்சிட்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
கோபிசெட்டிபாளையம்.