மகள் என் வேலைக்கு வருகிறாளாமே

அன்புத் தோழிக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து நீ மறுபடி நடக்கத் தொடங்கியதில் சந்தோஷம். மகள் நர்சிங் முடித்துவிட்டு உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளராக வர ஆசைப்படுகிறாள், அது எப்படிப்பட்ட வேலை என்று கேட்டிருக்கிறாய்.

குடும்பத்தாரிடம் போய் உறுப்பு கேட்கிற வேலை என்றுதான் வெளியே நினைக்கிறார்கள். கேட்பது அதில் சின்னப் பகுதி. மூளைச்சாவைச் சோதித்து உறுதிசெய்வது வேறு டாக்டர்கள். மாற்று சிகிச்சைக் குழுவினர் அதில் தலையிடக் கூடாது. சோதித்த டாக்டர்கள் குடும்பத்திடம் சேதியைச் சொன்னதும் நாங்கள் உடனே போய் வாய் திறந்துவிட முடியாது. வென்டிலேட்டரில் நெஞ்சு ஏறி இறங்குகிறது, கையைத் தொட்டால் சூடு இருக்கிறது. பக்கத்தில் நிற்கும் தாய், பிள்ளை போய்விட்டான் என்பதை எப்படி நம்புவாள்? அது மனசில் இறங்கும்வரை பொறுக்க வேண்டும். ஆனால் மூளை செயலிழந்த உடம்பில் ரத்த அழுத்தம் சரியும், உடல் சூடு இறங்கும், சிறுநீர் கட்டுக்கடங்காமல் போகும். ஐசியூக்காரர்கள் அதைப் பிடித்து நிறுத்தப் படாதபாடு படுவார்கள். குடும்பத்துக்கு அவகாசம் வேண்டும், உடம்பு அவகாசம் தராது, நடுவில் நாங்கள்.

சம்மதம் கிடைத்தால் அப்புறம் ராத்திரி முழுக்க போன்தான். ரத்தப் பிரிவு, கிராஸ்மேட்ச் (கொடுப்பவர் உறுப்பு பெறுபவருக்கு ஒத்துப்போகுமா என்று பார்க்கும் ரத்தச் சோதனை), ஆபரேஷன் தியேட்டர், ஆம்புலன்ஸ் என்று ஓயாது. எடுத்த இதயத்தைச் சுமார் 4 மணி நேரத்துக்குள் பொருத்தப் பார்க்க வேண்டும். சிறுநீரகம் குளிரில் ஒரு நாள்கூடத் தாங்கும். அதனால் எல்லாக் கணக்கையும் இதயத்தை வைத்தே போடுவோம்.

இன்னொன்றும் அவளுக்குத் தெரிந்திருக்கட்டும். சில நேரம் முதல் நோயாளிக்குப் பொருத்த முடியாமல் போனால் என்று, இன்னொரு நோயாளியையும் ஆபரேஷனுக்குத் தயாராக வெறும் வயிற்றோடு வரவழைத்து வைப்போம். உறுப்பு முதல் ஆளுக்கே போய்விட்டால் இவரைத் திருப்பி அனுப்புவதும் நாங்கள்தான். மறுத்துவிட்ட குடும்பங்களைவிட அந்த முகங்கள்தான் எனக்குக் கஷ்டம். மறுப்பவர்கள் மேல் எனக்குக் கோபமே வந்ததில்லை. மாசக் கடைசியில் எத்தனை சம்மதம் என்று எண்ணுகிற மேலதிகாரிகள் இருக்கிறார்கள் (எந்த வேலையில்தான் இல்லை?). அந்த எண்ணை மனசில் வைத்துக்கொண்டு அறைக்குள் போகிறவள் இதற்கு ஆக மாட்டாள்.

உன் மகள் அப்படிப்பட்டவள் இல்லை. ஆனாலும் முதலில் ஐசியூவில் ஒரு வருஷமாவது வேலை பார்க்கட்டும். நான் சொன்னால் கேட்க மாட்டாள், நீ சொல். என்ன முடிவெடுத்தாள் என்று எழுது.

உன் தோழி