தடம் புரண்ட கதவு

அன்புள்ள நண்பா,

உன் கராஜ் கதவு தடம் புரண்டு சிக்கிக்கொண்டது என்ற கடிதத்தைப் படித்ததுமே "பொத்தானை அழுத்தாதே" என்று குறுஞ்செய்தி அனுப்பினேன். "ஏன்டா?" என்று பதில் போட்டிருந்தாய். அதை இரண்டு வரியில் சொல்ல முடியாது என்பதால்தான் இந்தக் கடிதம்.

போன வருஷம் என் கராஜ் கதவும் இதே மாதிரி சிக்கி நின்றது. ரிமோட்டில்தான் கோளாறு என்று நினைத்து மறுபடியும் அழுத்தினேன். ஒரு பக்கம் மேலே ஏறியது, மறுபக்கம் சிக்கிக்கொண்டு அசையவில்லை. நடுவில் இருந்த பேனல், அதாவது கதவின் ஒரு பலகை, தகர டப்பாவை மிதித்தது போல மடங்கிவிட்டது. ட்ராக் என்ற தண்டவாளத்தில் ஓடும் ரோலரை, அந்தச் சின்னச் சக்கரத்தை, மாட்ட அரை மணி நேரம்தான் ஆனது. அதே அளவில், அதே நிறத்தில் பேனல் தேடித்தான் அலைந்தேன். அந்த இரண்டாவது அழுத்தல் என் முட்டாள்தனம்.

ஆகவே முதல் வேலை, மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கிவிடு. சிவப்புக் கயிறு ஒன்று தொங்கும், அதை இழுத்தால் கதவு மோட்டாரிலிருந்து விடுபடும். ஆனால் கதவு பாதி ஏறிய நிலையில் நின்றால் அந்தக் கயிற்றைத் தொடாதே. ஸ்பிரிங்கோ கேபிளோ அறுந்திருந்தால் அந்த நேரம் கதவைத் தாங்கிக்கொண்டிருப்பது மோட்டார் ஒன்றுதான். இரண்டு கார் அகலக் கதவென்றால் எடை சுலபமாக 70 கிலோவைத் தாண்டும். பேரன் சைக்கிள் எடுக்க அடியில் புகுந்து வருவான் என்று எழுதியிருக்கிறாயே, முதலில் அவனை அந்தப் பக்கம் விடாதே.

"கதவு மொத்தமும் சாய்ந்திருக்கிறது" என்று எழுதியிருக்கிறாய். எனக்கு உறுத்துவது அதுதான். ரோலர் மட்டும் வெளியே வந்திருந்தால் அந்த இடத்தில் பேனலின் ஓரம் துருத்திக்கொண்டு நிற்கும், அவ்வளவே. கீழ் மூலைகளில் ஒன்று தாழ்ந்து மற்றது உயர்ந்திருந்தால் கோளாறு பெரும்பாலும் ட்ராக்கில் இல்லை, கேபிளில். டார்ச் எடுத்து மேலே பார். கதவுக்கு மேலே ஓடும் கம்பியின் இரு முனையிலும் டிரம் என்ற உருளை இருக்கும். அதில் சுற்றிய கேபிள் கீழே இறங்கி, கதவின் கீழ் மூலையில் உள்ள இரும்புப் பிடியில், அதாவது அடி பிராக்கெட்டில், முடியும். ஒரு பக்கக் கேபிள் தொளதொளவென்று தொங்குகிறதா? டிரம்மின் பள்ளத்தை விட்டு நழுவியிருக்கிறதா? அப்படியே அந்தக் கம்பியில் மாட்டியிருக்கும் ஸ்பிரிங்கையும் பார்த்துவிடு. அறுந்திருந்தால் சுருளுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி தெரியும்.

கேபிள், ஸ்பிரிங் இரண்டில் எதில் கோளாறு இருந்தாலும் நீ கை வைக்காதே. ஆள் வரட்டும். விடுதி அறை மின்விசிறியைக் கழற்றி மாட்டிவிட்டு, மூன்று திருகு மிச்சமாகி, "இதெல்லாம் சும்மா வைத்தது" என்று சொன்னவன் நீ என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. கதவின் எடையைச் சுமப்பது அந்த ஸ்பிரிங்தான். 7 அடி உயரக் கதவுக்கு அதை ஏழெட்டு சுற்று முறுக்கி வைத்திருப்பார்கள். கதவு மூடியிருக்கும்போதுதான் முறுக்கம் உச்சத்தில் இருக்கும். அடி பிராக்கெட்டின் போல்ட்டைத் தளர்த்தினால் அத்தனை விசையும் உன் கையில் வந்து விழும். சாதாரண ஸ்பிரிங்கின் ஆயுள் 10,000 தடவை ஏறி இறங்குவது. நாளைக்கு நாலு தடவை என்றால் ஏழு வருஷம்கூட வராது. உன் கதவுக்கு அதைவிட வயதாகியிருக்குமே?

கேபிளும் ஸ்பிரிங்கும் சரியாக இருந்து, கதவும் மூடியே இருந்தால் பயமில்லை, நீயே பார்க்கலாம். ரோலர் நழுவிய இடத்தில் ட்ராக்கின் உதட்டைக் குறடால் கொஞ்சம் விரித்து, ரோலரை உள்ளே தள்ளு. பிறகு மரக்கட்டை வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டிப் பழைய வளைவுக்குக் கொண்டுவா. அடி ரோலர் மட்டும் அந்த பிராக்கெட்டோடு சேர்ந்தது, அதை விட்டுவிடு.

நான் இதோடு நிறுத்தினேன், ஒரே வாரத்தில் மறுபடியும் கழன்றது! காரணத்தைத் தேடாமல் விளைவை மட்டும் சரிசெய்திருக்கிறேன். அப்புறம்தான் ட்ராக்கைக் கையால் ஆட்டிப் பார்த்தேன். சுவரோடு பிடிக்கும் பிராக்கெட்டில் இரண்டு திருகுகள் மரத்தில் பிடிப்பே இல்லாமல் சுழன்றன. கதவு ஏறும்போதெல்லாம் ட்ராக் விலகி ரோலருக்கு வழிவிட்டிருக்கிறது. நீளமான திருகுகள் போட்டு, ரசமட்டம் வைத்து ட்ராக்கை நிமிர்த்தினேன். அதோடு சரி. உன் கதவில் திருகு இல்லாமல் வேறு ஏதாவது இருக்கலாம். கார் பம்பர் இடித்த பள்ளம், தேய்ந்து ஆடும் ரோலர், ட்ராக்கில் விழுந்த கூழாங்கல், எதையும் விடாதே.

கிரீஸ் விஷயத்திலும் ஏமாந்தேன். ட்ராக் முழுக்க அப்பினேன், தூசி ஒட்டிக் களிமண்ணாகிவிட்டது. ட்ராக்கைத் துணியால் துடைத்தாலே போதும். எண்ணெய் ரோலரின் பேரிங்குக்கும் கீல்களுக்கும்தான்.

எல்லாம் முடிந்த பிறகு, மோட்டாரை இணைக்காமலே கையால் மெதுவாகப் பாதிவரை தூக்கிப் பார். கதவு இருந்த இடத்தில் நின்றால் ஸ்பிரிங் நலம். இறங்கினாலோ தானாக மேலே ஏறினாலோ ஆளைக் கூப்பிடு.

என் முழங்கால் பரவாயில்லை, படி ஏறும்போது மட்டும் ஞாபகப்படுத்துகிறது. மகள் வேலை மாறிவிட்டாள், போனில் நிறையச் சிரிக்கிறாள். தங்கச்சியின் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்ததில் எங்கள் இருவருக்கும் நிம்மதி. சொட்டு மருந்தை நேரத்துக்குப் போடச் சொல்.

இரண்டு டிரம்மையும் தனித்தனியாகப் படம் எடுத்து அனுப்பு. தள்ளி நின்றே எடு. பார்த்துவிட்டு ராத்திரி கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத் தோழன்