தனுஷ்கோடியிலிருந்து போருக்குப் போன விமானப்படை வீரருக்கு நினைவுக்கல் கோரி மனு

அனுப்புநர்:
தங்கச்சிமடத்தில் வசிக்கும் மீனவக் குடும்பத்தினர் (பெயர், முகவரி இணைப்பில்)

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், ராமநாதபுரம்.

பொருள்: இரண்டாம் உலகப் போரில் பணியில் இறந்த எங்கள் சின்னத் தாத்தாவின் படைப் பதிவைப் பெற்றுத் தரவும், நினைவுக்கல் வைக்க அனுமதிக்கவும் வேண்டுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

என் அப்பாவின் சித்தப்பா தனுஷ்கோடியில் பிறந்தவர். இலங்கையின் தலைமன்னாருக்குப் போகும் கப்பலில் சரக்கு ஏற்றும் வேலை அவருடைய தகப்பனாருக்கு. இவரோ கப்பல் என்ஜின்காரர்களிடம் எடுபிடியாக நின்று ஸ்பேனர் பிடிக்கக் கற்றவர். அந்தக் கைவேலையை நம்பித்தான் இந்திய விமானப்படை அவரைத் தரைப்பணிக்கு எடுத்துக்கொண்டது. 1944-ல் மணிப்பூரின் இம்பாலில் மலேரியா கண்டு இறந்தார். வயது 21. கல்யாணம் ஆகவில்லை. அதனால் அவருக்காக அலைய பிள்ளைகளும் இல்லை, நாங்கள்தான் இருக்கிறோம்.

போர்க்காலத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காமல் போனது, ஓடும் ரயிலிலிருந்து வீசிய பத்திரிகைக் கட்டுகளைச் சிறுவனாக இருந்த அப்துல் கலாம் எடுத்து விநியோகித்தது எல்லாம் இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதே தீவிலிருந்து ஒரு பையன் அந்தப் போருக்கே போனான் என்பது எங்கள் தெருவைத் தாண்டி யாருக்கும் தெரியாது.

இதற்காக ஒரு அலுவலகத்துக்குப் போனபோது, "காய்ச்சலில் செத்தவர்தானே, குண்டடி பட்டா செத்தார்?" என்று கேட்டார்கள். அதற்குப் பதிலை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1944 மார்ச் முதல் ஜப்பானியப் படை இம்பாலைச் சூழ்ந்துகொண்டது. கோஹிமா சாலை அடைபட்டு ஜூன் 22 வரை திறக்கவில்லை. அரிசி, எண்ணெய், குண்டு, ஆள் எல்லாம் வானத்தின் வழியாகத்தான் வந்தாக வேண்டும். அர்ஜன் சிங் தலைமையிலான இந்திய விமானப்படையின் முதலாம் ஸ்குவாட்ரன் (விமானப் பிரிவு) அங்கிருந்துதான் ஹரிக்கேன் விமானங்களில் பறந்தது. இறங்கிய விமானத்தை மழையிலும் சேற்றிலும் நின்று சரிபார்த்து மறுபடி ஏற்றி அனுப்பியவர்கள் தரைப்பணியாளர்கள். அந்தப் போர்முனையில் துப்பாக்கிக்குத் தப்பியவர்களைக் கொசு கொண்டுபோனது. காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையமும் 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை பணியில் இருக்கும்போது இறந்த படைவீரரை, நோயால் இறந்திருந்தாலும், போரில் மாண்டவராகவே கணக்கில் வைக்கிறது. அந்த ஆணையம் ஏற்றுக்கொள்வதை ராமநாதபுரத்தில் ஏன் மறுக்க வேண்டும்?

அப்புறம், "அசல் சான்று கொண்டு வாருங்கள்" என்கிறார்கள். வீட்டுக்கு வந்த தந்தி, சம்பளப் புத்தகம் எல்லாம் தகரப் பெட்டியில் இருந்தன. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் பெட்டியும் போனது, வீடும் போனது, ஊரே போனது. பாம்பனிலிருந்து வந்த ரயிலையே பயணிகளோடு கடல் கொண்டுபோன இரவில், பெட்டியை யார் தேடுவது? அதற்குப் பிறகு தனுஷ்கோடியை வசிக்கத் தகாத இடம் என்று அறிவித்ததும் அரசாங்கம்தான்.

எஞ்சியது பாம்பனில் வாழ்க்கைப்பட்ட அவருடைய அக்கா வீட்டில் இருந்தவை மட்டும். சீருடையில் எடுத்த படம் ஒன்று, ராணுவத் தபால் முத்திரையோடு ஒரு கடித உறை. உறையின் பின்புறம் படை எண் பாதி அழிந்து நிற்கிறது. பங்குக் கோயிலிலிருந்து வாங்கிய திருமுழுக்குப் பதிவின் நகலும் இருக்கிறது. மூன்றையும் இணைத்துள்ளோம்.

எனவே தாங்கள் முதலில், புயலில் ஆவணங்கள் அழிந்த தனுஷ்கோடிக் குடும்பம் எங்களுடையது என்று வருவாய்த் துறை மூலம் ஒரு சான்று தர வேண்டும். அந்தச் சான்றோடு, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக டெல்லியில் உள்ள விமானப்படைப் பதிவு அலுவலகத்துக்குத் தங்கள் கையெழுத்தில் கடிதம் போக வேண்டும். நாங்கள் எழுதினால் பதில் வருவதில்லை. ஆட்சியர் எழுதினால் வரும். எந்த ஸ்குவாட்ரன், எந்தத் தேதி, எங்கே அடக்கம் என்று தெரிந்தால், கல்லறை ஆணையத்தின் ஏட்டில் பெயர் இருக்கிறதா, எழுத்துப் பிழையோடு இருக்கிறதா என்று பார்த்து மேற்கொண்டு நாங்களே விண்ணப்பித்துக்கொள்வோம்.

அடுத்தது கல். முதல் உலகப் போருக்குப் போனவர்களின் கணக்கைப் பொறித்த கல் வேலூர் மணிக்கூண்டில் இன்றும் இருக்கிறது. நாங்கள் மண்டபமோ சிலையோ கேட்கவில்லை. கடலோர ஒழுங்குமுறை விதிகள் தெரியும். மணலில் கட்டடம் எழுப்ப முடியாது. அரிச்சல்முனைக்குப் போகும் சாலையோரம் தாங்கள் காட்டும் இடத்தில் மூன்றடி உயரக் கருங்கல் ஒன்று போதும். செலவு எங்களுடையது. உலோகப் பலகை மட்டும் வேண்டாம். பழைய பாம்பன் பாலத்தையே பாடாய்ப் படுத்திய உப்புக்காற்று இது. இந்தத் தீவிலிருந்து போய்த் திரும்பாத வேறு யாருடைய வீட்டாராவது வந்தால், அந்தப் பெயர்களையும் அதே கல்லில் வெட்ட இடம் விட்டு வைக்கிறோம்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அன்று ஊரே கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவர்த்தி ஏற்றும்போது இவருக்கு ஏற்ற இடம் இல்லை. பதிவு வரத் தாமதமானாலும், கல்லுக்கான அனுமதியை அதற்கு முன்பே தந்தால் பெரிய உதவியாக இருக்கும். விசாரணைக்கு எப்போது அழைத்தாலும் அசல்களோடு வருகிறோம்.

இப்படிக்கு,
குடும்பத்தினர் சார்பாக,
மனுதாரர்

இணைப்பு: மனுதாரர் மற்றும் இறந்தவர் விவரம், புகைப்பட நகல், கடித உறை நகல் (இருபுறமும்), திருமுழுக்குப் பதிவு நகல்.