விழுங்கு செல்களுக்கு ஒரு வரி போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த இதழில் வெளியான நோய் எதிர்ப்பாற்றல் பற்றிய கட்டுரை கிருமியின் மேல் ஒட்டிக்கொள்ளும் புரதங்களான எதிர்ப்பொருள்களையும் தடுப்பூசிகளையும் தெளிவாக விளக்கியிருந்தது. ஆனால் கிருமியை நேருக்கு நேர் சந்தித்து, விழுங்கி, அழிக்கும் செல்களை ‘முதல்நிலைக் காவலர்கள்’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அது நகர்ந்துவிட்டது. நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில், விடுபட்டதைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

கட்டியிலிருந்து எடுத்த சீழைக் கண்ணாடித் தகட்டில் மெல்லத் தடவி, பாக்டீரியாக்களைக் காட்டும் கிராம் சாயமேற்றி, நுண்ணோக்கியில் ஆயிரம் மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால், மடல் மடலாகப் பிரிந்த உட்கருவுடன் இளஞ்சிவப்பு நிறத்தில் நியூட்ரோஃபில்கள் என்னும் விழுங்கும் வெள்ளையணுக்கள் நெருங்கிக் கிடக்கும். அவற்றுக்கிடையே கருநீலக் கொத்துகளாக ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியாக்கள் தெரியும். சில கொத்துகள் வெளியே கிடக்க, சில அந்தச் செல்களின் உள்ளேயே இருக்கும். சீழ் என்று நாம் அருவருப்போடு துடைத்தெறிவதில் பெரும்பகுதி, வேலையை முடித்து மடிந்த நியூட்ரோஃபில்களே. எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்கு ஏறத்தாழ பத்தாயிரம் கோடி நியூட்ரோஃபில்களை உருவாக்கி அனுப்புகிறது என்பதிலிருந்தே, உடல் இந்தப் பணிக்கு எவ்வளவு செலவிடுகிறது என்பது விளங்கும்.

1882-இல் இத்தாலியின் மெசினா நகரில், நட்சத்திர மீனின் ஒளிபுகும் இளம் உயிரியில் முள்ளைச் செருகிய ரஷ்ய விலங்கியலாளர் இல்யா மெட்ச்னிகாஃப், நகரும் செல்கள் அம்முள்ளைச் சூழ்ந்துகொண்டதைக் கண்டார். நோயை எதிர்ப்பவை செல்களே என்று அவர் வாதிட, குருதிநீரில் கரைந்துள்ள பொருள்களே என்று எதிரணி வாதிட்டது. 1908-ஆம் ஆண்டின் நோபல் பரிசு மெட்ச்னிகாஃபுக்கும், எதிரணியில் நின்ற ஜெர்மன் மருத்துவர் பால் எர்லிக்குக்கும் பகிர்ந்து அளிக்கப்பட்டது. இருதரப்பும் சேர்ந்தே இயங்குகின்றன என்பது அதற்கு முன்பே தெரியவந்திருந்தது: எதிர்ப்பொருளும், குருதிநீரில் உள்ள காம்ப்ளிமென்ட் என்னும் புரதங்களும் கிருமியின் மேல் ஒட்டிக்கொண்டால், விழுங்கு செல் அதை எளிதில் பற்றிக்கொள்கிறது. தங்கள் கட்டுரையோ ஒட்டுவதைச் சொல்லி, விழுங்குவதை விட்டுவிட்டது.

விழுங்குவதோடும் காரியம் முடிவதில்லை. செல்லுக்குள் சென்ற கிருமியைச் சவ்வுப்பை ஒன்று சூழ்கிறது. லைசோசோம்கள் எனப்படும் நொதிப்பைகள் அதனுடன் இணைந்து செரிமான நொதிகளைக் கொட்டுகின்றன. மற்றொரு நொதி ஆக்சிஜனிலிருந்து சூப்பராக்சைடை உருவாக்க, அதிலிருந்து கிருமியைக் கொல்லும் ஹைட்ரஜன் பெராக்சைடும் ஹைப்போகுளோரஸ் அமிலமும் உண்டாகின்றன. அந்த நொதி பிறவியிலேயே பழுதுபட்ட குழந்தைகள் உண்டு. நாள்பட்ட கிரானுலோமா நோய் எனப்படும் இக்குறைபாட்டில் எதிர்ப்பொருள்களுக்குப் பஞ்சமில்லை. செல்கள் கிருமியை விழுங்கவும் செய்கின்றன. கொல்லத்தான் இயலவில்லை. அதனால் ஸ்டெஃபைலோகாக்கஸ், ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை போன்றவை கல்லீரலிலும் நுரையீரலிலும் மீண்டும் மீண்டும் தொற்றை உண்டாக்குகின்றன. எதிர்ப்பொருளை மட்டும் அளந்து எதிர்ப்பாற்றலை மதிப்பிட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

தேர்ந்த கிருமிகள் இந்தச் செல்களையே வீடாக்கிக்கொள்கின்றன. காசநோய்க் கிருமி, திசுக்களில் தங்கும் பெரிய விழுங்கு செல்லான மேக்ரோஃபேஜுக்குள் நுரையீரலில் புகுந்து, லைசோசோம் வந்து இணைவதைத் தடுத்துப் பெருகுகிறது. லிஸ்டீரியா பாக்டீரியா சவ்வுப்பையைத் துளைத்து வெளியேறிவிடுகிறது. லீஷ்மேனியா ஒட்டுண்ணியோ அமிலமும் நொதிகளும் நிறைந்த அதே பைக்குள் குடியிருக்கப் பழகிவிட்டது.

கட்டுரையின் பிற்பகுதியில் ‘எதிர்ப்பாற்றலை எவ்வளவு பெருக்குகிறோமோ அவ்வளவு நல்லது’ என்ற தொனி ஓங்கி ஒலித்தது. அதில் எனக்கு உடன்பாடில்லை. சிலிக்கா தூசியை மேக்ரோஃபேஜ் விழுங்குகிறது, ஆனால் செரிக்க முடிவதில்லை. அந்த மேக்ரோஃபேஜ் சிதைந்து வெளிவிடும் பொருள்கள் அழற்சியைத் தூண்ட, மற்றொரு மேக்ரோஃபேஜ் வந்து அதே துகளை விழுங்க, இச்சுழற்சியில் நுரையீரல் தழும்பேறி இறுகுகிறது. கீல்வாத வகையான கவுட்டில், மூட்டில் படிந்த யூரேட் படிகங்களை விழுங்க நியூட்ரோஃபில்கள் திரள்வதே அந்தப் பொறுக்கவொண்ணா வலிக்கும் வீக்கத்துக்கும் முக்கியக் காரணம். அதற்குத் தரப்படும் கோல்ச்சிசின் மருந்து அவற்றின் நடமாட்டத்தை மட்டுப்படுத்தியே நிவாரணம் தருகிறது. தமனிச் சுவரில் கொழுப்பை விழுங்கி உப்பிய மேக்ரோஃபேஜ்களோ மாரடைப்புக்கு வழிவகுக்கும் படிவுகளின் முக்கியப் பகுதியாகின்றன. இவற்றிலெல்லாம் விழுங்கு செல்களைத் தூண்டிவிடுவது எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றுவதாகும்.

இனி, இக்கடிதத்தை எழுத என்னைத் தூண்டிய முதன்மைக் காரணத்துக்கு வருகிறேன். காய்ச்சல் வந்தால் இரண்டு நாள் வீட்டிலேயே ஓய்வெடுத்துக் கவனிக்கலாம் என்று கட்டுரை பொதுவாக அறிவுறுத்தியிருந்தது. புற்றுநோய்க்கு கீமோதெரபி பெறுவோருக்கு இந்த அறிவுரை பெருந்தீங்காக முடியலாம். மருந்து ஏற்றிய ஓரிரு வாரங்களில் இவர்களின் நியூட்ரோஃபில் எண்ணிக்கை பெரிதும் சரிவது வழக்கம். ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 1,500-க்குக் குறைந்தாலே அது குறைபாடு. 500-க்குக் கீழே போனால் கடுமையான ஆபத்து. இரத்தப் பரிசோதனை அறிக்கையில் மொத்த வெள்ளையணுக்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து நிறைவடையாமல், நியூட்ரோஃபில்களின் தனி எண்ணிக்கையை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். சீழை உருவாக்கவும் செல்கள் இல்லாததால், இந்நிலையில் தொற்று இருக்குமிடத்தில் சீழோ வீக்கமோ தென்படாமல் போகலாம். காய்ச்சல் ஒன்றே அறிகுறியாக இருக்கக்கூடும். ஒருமுறை 38.3 டிகிரி செல்சியஸைத் தொட்டாலோ, 38 டிகிரியில் ஒரு மணி நேரம் நீடித்தாலோ, நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குச் சென்றாக வேண்டும்.

இந்த விதிவிலக்கை அடுத்த இதழிலேயே, கட்டுரை வெளியான அதே பக்கத்தில், திருத்தமாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர் ஒருவர்